மயில் போட்ட முதலுதவிப் பெட்டி

எங்கள் ஊர் முதலுதவிப் பெட்டி பிறந்தபோது வெறும் பிஸ்கட் டப்பாதான். மூடியில் தோகை விரித்த மயில் ஒன்று அச்சடித்திருக்கும். என் பெண்டாட்டி பொன்னுருவி அதைச் சந்தையில் பழைய தகரம் விற்கிறவரிடம் ஒரு படி புளி கொடுத்து வாங்கி, காலிக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து மலையேறி வந்தாள். அது வீட்டைவிடப் பெரிசான பிறகு பேப்பர்காரர்கள் வந்து ஆளுக்கொரு விதமாக எழுதிப்போட்டார்கள், ஒருவர் அதைச் சாமி என்றார், ஒருவர் ஏமாற்று என்றார், ஒருவர் அந்த ஒரு படி புளியைப் பற்றி மட்டும் அரைப் பக்கம் எழுதினார். ஊரில் பத்தாவது வரை படித்தவன், எல்லாருக்கும் மனு எழுதிக் கொடுக்கிறவன் நான் ஒருத்தன்தான் என்பதால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். என் பெயர் தீர்த்தகிரி. பெட்டி ஏன் வளர்ந்தது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது, உட்கார்ந்து யோசிக்க எங்களுக்கு நேரமும் இல்லை.

கோணமடுவு மலைமேல் இருக்கிறது. கீழே டவுனுக்குப் பதினாலு கிலோமீட்டர், அதில் ஒரு கிலோமீட்டர்கூட ரோடு கிடையாது, உண்ணிச்செடிக்கும் பாறைக்கும் நடுவில் நாலடிப் பாதைதான். யாருக்காவது முடியாமல் போனால் மூங்கிலில் போர்வையைக் கட்டி, டோலியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடுவோம், நாலு பேர் தூக்க நாலு பேர் பின்னால் ஓட, தோள் மாற்றித் தோள் மாற்றி ஓடுவோம், தூக்குகிறவர்களுக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருக்கும்போதே டோலியில் கிடப்பவருக்கு மூச்சு நின்றிருக்கும். பத்தொன்பது வருசத்துக்கு முன்னால் பொன்னுருவியின் தங்கை வேடியம்மாள் பிரசவத்துக்கு அப்படித்தான் போனாள். பாதி வழியில் பிள்ளை பிறந்துவிட்டது. உதிரம் நிற்கவில்லை. அடைத்துப் பிடிக்க ஒரு சுத்தமான துணிகூட யாரிடமும் இல்லை, என் வேட்டியை அவிழ்த்துக் கொடுத்தேன், அது போதவில்லை. பிள்ளை மட்டும் பிழைத்தது. நாங்கள் எடுத்து வளர்த்தோம், மாதேவி என்று பெயர் வைத்தோம், எங்களுக்கு அவள் ஒருத்திதான்.

அந்த மாதேவி கல்யாணமாகி, முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்குத்தான் பொன்னுருவி நர்சம்மாவை வழிமறித்தாள். நர்சம்மா பெயர் குளோரி. மாசம் ஒருதரம் தடுப்பூசி டப்பாவைத் தோளில் மாட்டிக்கொண்டு அத்தனை தூரத்தையும் நடந்தே ஏறி வருகிற ஒரே சர்க்கார் ஆள் அவர்தான்.

"ஆத்திர அவசரத்துக்கு வீட்டுல என்னென்ன வச்சிருக்கணும் நர்சம்மா? ஒண்ணு விடாம சொல்லுங்க. இவுரு எழுதிக்குவாரு."

நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். சுற்றுகிற கட்டுத்துணி, ஒட்டுகிற பிளாஸ்திரி, பஞ்சு, புண் கழுவுகிற மருந்து, தீக்காயக் களிம்பு, கத்தரிக்கோல், ஊக்கு, கையுறை, தெர்மாமீட்டர், காய்ச்சல் மாத்திரை, வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைப் பொட்டலம், சோப்பு, டார்ச் லைட், அதற்குத் தனியாக பேட்டரி. நர்சம்மா ஒவ்வொன்றும் எதற்கென்று சொன்னார், பொன்னுருவி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள்.

"புள்ளைங்க கைக்கு எட்டாத ஒசரத்துல வைக்கணும். வெயிலு, ஈரம் படக் கூடாது. தேதி முடிஞ்ச மாத்திரையத் தூக்கிப் போட்டுடணும். எடுத்தா, எடுத்ததை அன்னிக்கே திரும்ப வச்சிடணும் பொன்னுருவி. நெறைய வீட்டுல பெட்டி இருக்கும், உள்ள தொட்டுப் பாத்தா ஒண்ணும் இருக்காது" என்றார் நர்சம்மா.

பொன்னுருவி நோட்டில் இருந்ததையெல்லாம் வாங்கி, மயில் டப்பாவில் நிரப்பிப் பரண்மேல் வைத்தாள். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மாரப்பன் அரிவாளால் காலை வெட்டிக்கொண்டு நொண்டிக்கொண்டே வந்தான். அவன் காலைக் கழுவிக் கட்டுப்போட்டு அனுப்பினாள், அன்றைக்கே அவன் தம்பியை டவுனுக்கு விரட்டி ஒரு ரோல் கட்டுத்துணி வாங்கிவரச் சொல்லி உள்ளே வைத்தாள். மறுநாள் உச்சி வேளையில், ஊரே ராகிக் கொல்லையில் இருந்தபோது, டப்பா ஒரு சாண் வளர்ந்தது. வீட்டில் மாதேவி மட்டும்தான் இருந்தாள். சாயங்காலம் நாங்கள் திரும்பியதும், கோழி முட்டை வைத்திருப்பதைச் சொல்வது மாதிரி, "அம்மா, டப்பா பெரிசாயிடுச்சு" என்றாள். பொன்னுருவி ஏறிப் பார்த்தாள். "ஆமா. உள்ள எடம் கெடக்குது. இன்னும் ரெண்டு ரோலு வாங்கியாறணும்" என்றாள். எங்கள் வீட்டில் அதைப் பற்றி நடந்த பேச்சு அவ்வளவுதான்.

அதன் சுபாவம் எங்களுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. எடுத்ததைத் திரும்ப வைத்தால் மறுநாள் உச்சியில் வளரும், வைக்காவிட்டால் வளராது. வளர்வது தகரம் மட்டும்தான். உள்ளே இருக்கிற பஞ்சு வளராது, மாத்திரை பெருகாது, ஒரு ஊக்குகூடக் கூடுதலாக வராது. இடத்தை அது கொடுக்கும், நிரப்புவது எங்கள் பாடு. தேள் கொட்டினவர், தேனெடுக்கப் போய் விழுந்தவர், கொதிக்கிற கஞ்சியைக் கொட்டிக்கொண்டவர், பேதி கண்ட பிள்ளை என்று ஆள் வர வர அது டிரங்குப் பெட்டியளவு ஆனது, குதிர் அளவு ஆனது, பரணை உடைத்துக்கொண்டு கீழே இறங்கியது, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக் கூரையைத் தூக்கிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது. போன வருசம்தான் புதுசாகப் புல் மேய்ந்த கூரை. "மழ வந்தா பெட்டிக்குள்ள படுத்துக்க. கூரைய அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள் பொன்னுருவி. அந்த மழைக்காலம் முழுக்க அப்படித்தான் படுத்தேன், ஒழுகாத இடம் ஊரிலேயே அது ஒன்றுதான்.

பிறகு அதைப் புங்க மரத்தடிக்கு நகர்த்தினோம். மூடியைத் தூக்க ஆறு பேரும் இரண்டு கம்பும் வேண்டியிருந்ததால், ஊர்கூடி அதைப் பக்கவாட்டில் சாய்த்து, மூடியைக் கதவாக்கிக்கொண்டோம். மயிலும் கூடவே வளர்ந்து இரண்டு ஆள் உயரத்தில் படுத்தவாக்கில் நின்றது. சுற்றியிருக்கிற மூன்று ஊர்க்காரர்களும் வர ஆரம்பித்தார்கள், வந்தவர்கள் வாய் பிளந்து நிற்கவில்லை, உள்ளே என்ன குறைகிறது என்று கேட்டார்கள். ஒரு தெரு பஞ்சுக்குப் பொறுப்பு, ஒரு தெரு சோப்புக்குப் பொறுப்பு என்று ஆனது. தேன் விற்கப் போகிறவர்கள் களிம்பு வாங்கி வந்தார்கள், புளி விற்கப் போகிறவர்கள் கையுறை வாங்கி வந்தார்கள். கல்யாணத்தில் சீர்த் தட்டில் வாழைப்பழத்துக்குப் பக்கத்தில் கட்டுத்துணி ரோல் வைக்காவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் வேலை செய்கிற மாதேவியின் புருசன் பிரஷர் பார்க்கிற மிஷின் ஒன்று கொடுத்தனுப்பினான். எலும்பு முறிவுக்கு வைத்துக் கட்டுகிற மூங்கில் பத்தையை நர்சம்மா அனுமதித்தார், புண்ணில் அப்பக் கொண்டுவந்த சாம்பலை மட்டும் வாசலிலேயே கொட்டச் சொல்லிவிட்டார்.

ஆயுத பூசை அன்றைக்கு ஒரு தப்பு செய்தோம். கொடுவாள், மண்வெட்டி, உலக்கை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறபோது பெட்டியை மட்டும் விட்டுவிடலாமா என்று, வெளியே மூன்று பட்டை போட்டதோடு நிற்காமல், உள்ளே இருந்த ஒவ்வொரு ரோலையும் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்து, பஞ்சுக்குப் பொட்டு வைத்து, கையுறைக்கு விரல் விரலாகப் பொட்டு வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்துக் கும்பிட்டோம். மறுநாள் நர்சம்மா வந்து பார்த்தார்.

"கட்டுத்துணிக்குப் பொட்டு வைக்கிற ஊரை என் சர்வீஸ்ல இங்கதான் பாக்கறேன்! இதைப் புண்ணுல வச்சா ஆளு பொழைக்குமா? ஒண்ணு விடாம வெளிய எறிங்க!"

அத்தனையையும் வெளியே போட்டோம். அவமானமாக இருந்தது. அன்றைக்கே நாலு ஊரும் சந்தைக்கு இறங்கி, ஆட்டுக்குட்டியை விற்றவர்கள் உண்டு, பெட்டியை அடிமட்டத்திலிருந்து புதிதாக நிரப்பினோம். மறுநாள் உச்சியில் அது ஒரேயடியாக ஒரு அறை நீளம் வளர்ந்தது. கட்டில் போட இடம் வந்துவிட்டது என்று கட்டிலும் போட்டோம், நர்சம்மா சலைன் பாட்டில்களும் அதைத் தொங்கவிடக் கொக்கியும் கொண்டு வந்தார். பெட்டி வந்த ஏழு மாசத்தில் டோலி மூங்கிலை ஒருவரும் எடுக்கவில்லை.

சும்மா விடுவார்களா? தாசில்தார் வந்தார். கூட கிராம நிர்வாக அலுவலரும் சர்வேயரும் வந்தார்கள். பதினாலு கிலோமீட்டரை ஷூ போட்டு நடந்ததில் தாசில்தாருக்கு இரண்டு குதிகாலும் கொப்பளித்துப் போயிருந்தது. பொன்னுருவி அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, காலைக் கழுவி, களிம்பு போட்டு, மெத்தென்று கட்டி விட்டாள். அவர் காலை நீட்டிக்கொண்டே விசாரணையை ஆரம்பித்தார்.

"யாரைக் கேட்டு இங்க ஆஸ்பத்திரி கட்டினீங்க?"

"கட்டலைங்க. இது பெட்டிங்க."

"பெட்டியா? நான் உக்காந்திருக்கறது கட்டில்மா."

"முதலுதவிப் பெட்டிங்க. வளந்துடுச்சு."

"இந்தக் கதையெல்லாம் எங்கிட்ட வேணாம்."

"பெட்டி எம்மாம் பெரிசு இருக்கலாம்னு சட்டத்துல போட்டிருக்குதுங்களா? போட்டிருந்தா காட்டுங்க. கொறச்சுக்கறம்."

சர்வேயர் சிரித்துவிட்டு இருமினார். தாசில்தார் அவரைப் பார்த்த பார்வையில் இருமல் நின்றது.

"டாக்டர் இல்லாத எடத்துல ஆஸ்பத்திரி நடத்தக் கூடாது" என்றார் தாசில்தார்.

"அப்ப டாக்டர குடுங்க."

"ரோடு இல்லாத ஊருக்கு டாக்டர் எப்படிம்மா வருவாரு?"

"அப்ப ரோடு குடுங்க."

"ரோடு போடணும்னா அதுக்குத் தேவை இருக்கணும். ரெக்கார்டுல இந்தப் பாதை நாலடி. நாலடிக்கு மேல அகலமா எதுவும் இந்த வழியா போனதும் இல்ல, வந்ததும் இல்ல. அப்பறம் எதுக்கு ரோடு?"

இதே பதில்தான் என் ஒவ்வொரு மனுவுக்கும் வந்திருக்கிறது, ஒரு எழுத்து மாறாமல். பதினைந்து நாளில் பெட்டியைக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சீல் வைக்கப்படும் என்று நோட்டீஸ் எழுதி, எங்கள் பிளாஸ்திரியையே வெட்டி, எங்கள் மயில் மேலேயே ஒட்டிவிட்டு, எங்கள் கட்டோடு இறங்கிப் போனார். நான் பேனாவைத் தேடினேன். பொன்னுருவி என் கையைப் பிடித்தாள். "இனி மனு எழுதாத" என்றாள். அவர் காலுக்குச் செலவான களிம்பையும் துணியையும் அன்றைக்கே வாங்கிவரச் சொன்னாள். பெட்டி பதினாறடி அகலம் ஆனது அப்போதுதான்.

பதினாலாம் நாள் காலையில் மாதேவிக்கு வலி கண்டது. வலிக்கு முன்னால் உதிரம் கண்டது. நர்சம்மா இரண்டு நாளாக லீவு போட்டுவிட்டு எங்களோடுதான் இருந்தார். பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"இது இங்க முடியற காரியம் இல்ல. ஆபரேஷன் பண்ணித்தான் புள்ளைய எடுக்கணும். இங்க எல்லாம் இருக்கு, டாக்டர்தான் இல்ல."

மாரப்பன் யாரும் சொல்லாமலே ஓடிப்போய் டோலி மூங்கிலை எடுத்து வந்தான். பொன்னுருவி அதைப் பிடுங்கித் தூர எறிந்தாள்.

"எந் தங்கச்சிய இதுல அனுப்பினன். இவள அனுப்ப மாட்டன்."

"பின்ன எப்படிக்கா?" என்று அழுதான் மாரப்பன்.

"பெட்டியத் தூக்குங்க."

"பாதை நாலடிதான் பொன்னுரு" என்றேன் நான்.

"அது தாசில்தாரு எழுதி வச்சது. நம்ம தோளு எத்தன அடின்னு எவன் எழுதி வச்சான்? தூக்குய்யா!"

நர்சம்மாதான் முடிவைச் சொன்னார். "டோலியில போனா வழியில நான் கை வைக்கறதுக்கு ஒண்ணுமே இருக்காது. இதுல போனா வழி முழுக்க எல்லாம் இருக்கும். முடிஞ்சா தூக்குங்க, சீக்கிரம் தூக்குங்க."

நாலு ஊருக்கும் ஆள் ஓடியது. வெட்டின மூங்கிலை அடியில் குறுக்கும் நெடுக்கும் செருகி, ஆணும் பெண்ணுமாக இருநூறு தோள் கொடுத்தோம். என்ன கனம் கனக்குமோ என்று பயந்தோம், தூக்கினால் ஒரு பிள்ளைத்தாய்ச்சியின் கனம்தான் இருந்தது, அதற்கு மேல் ஒரு கைப்பிடிப் பஞ்சின் கனம்கூட இல்லை. உள்ளே மாதேவி கட்டிலில் கிடந்தாள், தலைக்கு மேல் சலைன் பாட்டில் தொங்கியது, நர்சம்மா கையில் கையுறை மாட்டியிருந்தார். பொன்னுருவி முன்னால் நடந்தாள். பாதை நாலடிதான் இருந்தது, பெட்டி அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. சூடான களியில் தட்டை இறக்கினால் எப்படி இறங்குமோ அப்படித் தகரத்தின் ஓரம் பாறையில் இறங்கியது, பாறை இரண்டு பக்கமும் சரிந்தது, உண்ணிச்செடி வேரோடு போனது, மேடு சமமானது, பள்ளம் தூர்ந்தது, நாங்கள் தோள் மாற்றித் தோள் மாற்றி இறங்கினோம், புளியமரங்களுக்கு மட்டும் விலகி நடந்தோம், ஏனென்றால் அவை எங்களுக்குச் சோறு போடுகிறவை. வேடியம்மாள் செத்த இடம் வந்தது. எல்லாருக்கும் கால் தயங்கியது. "நிக்காதீங்க!" என்று பொன்னுருவி திரும்பிப் பார்க்காமல் கத்தினாள். நான் அழுதேன், இரண்டு கையும் மூங்கிலில் இருந்ததால் கண்ணைத் துடைக்க முடியவில்லை.

அடிவாரத்தில் செக்போஸ்ட் கட்டையைத் தூக்குவதா வேண்டாமா என்று காவலுக்கு இருந்தவர் யோசித்து முடிப்பதற்குள் நாங்கள் அந்தப் பக்கம் போய்விட்டோம், கட்டை இன்னும் கிடைக்கவில்லையாம். பொழுது சாய்வதற்குள் டவுன் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினோம். மாதேவியை உள்ளே கொண்டுபோனார்கள். பொன்னுருவி ஆபரேஷன் அறைக் கதவுக்கு முன்னால் உட்காராமல் நின்றாள். வெகுநேரம் கழித்துப் பெரிய டாக்டரம்மா வெளியே வந்தார்.

"வழியில டிரிப் போட்டது யாரு?"

நர்சம்மா கையைத் தூக்கினார்.

"எத்தனை பாட்டில்?"

"மூணு மேடம்."

"அதனாலதான் ஆள் இருக்கு. பொண்ணு பொறந்திருக்கு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

பொன்னுருவி அப்போதுதான் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் புடவையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து, "மூணு பாட்டிலு, எட்டு ரோலு, ரெண்டு கட்டு பஞ்சு. இன்னிக்கே வச்சாகணும்" என்றாள். அன்றைக்கே வைத்தோம்.

ஆஸ்பத்திரிக்கு எதிரில்தான் தாலுகா ஆபீஸ். விடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் அதன் வாசலில் இறக்கினோம். தாசில்தார் இன்னும் எங்கள் கட்டோடுதான் நடந்துகொண்டிருந்தார், நொண்டிக்கொண்டே வெளியே ஓடி வந்தார்.

"இதை எப்படி இங்க கொண்டு வந்தீங்க? ரோடே இல்லையே!"

"இப்ப இருக்குதுங்க" என்றாள் பொன்னுருவி. "போயி அளந்துட்டு வரச் சொல்லுங்க."

சர்வேயர் போனார். மறுநாள் திரும்பி வந்து, கோணமடுவு வரைக்கும் ஒரே சீராகப் பதினாறடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாசில்தார் அதை இரண்டுதரம் படித்தார்.

"சரிம்மா. ரோடு வந்துடுச்சு. பெட்டியை எடுத்துட்டுப் போங்க."

"எடுக்க முடியாதுங்க. ஒண்ணு கொறையுது."

"என்ன கொறையுது?"

"டாக்டருங்க."

தாசில்தார், மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன், பதில் வரட்டும், அதுவரை ஊருக்குப் போய் இருங்கள் என்றார். நாங்கள் பெட்டி வாசலில் அடுப்பு மூட்டினோம். போலீஸ் வந்தது. இயந்திரம் கொண்டுவந்து இழுத்துப் பார்த்தார்கள், எங்கள் தோளுக்குப் பிள்ளைத்தாய்ச்சியின் கனம் இருந்த பெட்டி அவர்களுக்கு மலையின் கனம் இருந்தது, சங்கிலிதான் அறுந்தது. இழுத்ததில் கை கிழிந்த இரண்டு போலீஸ்காரர்களுக்குப் பொன்னுருவி கட்டுப்போட்டாள். அவர்கள் சாயங்காலம் மப்டியில் வந்து இரண்டு ரோல் வைத்துவிட்டுப் போனார்கள். டவுன்காரர்களும் பழகிவிட்டார்கள். டீக்கடையில் விரலைச் சுட்டுக்கொண்டவர், மனு கொடுக்க வந்து மயங்கி விழுந்தவர், பத்திரம் எழுதுகிறவருக்குத் தலைவலி என்று ஆள் வந்துகொண்டே இருக்கிறது, எல்லாரும் எடுத்ததை அன்றைக்கே திரும்ப வைக்கிறார்கள். முந்தாநாள் காம்பவுண்டுச் சுவர் விழுந்தது. நேற்று ஜீப் நிறுத்துகிற கொட்டகை போனது. மாதேவி பிள்ளையோடு உள்ளே கட்டிலில் இருக்கிறாள், பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறது.

மேலிடத்திலிருந்து நேற்று ஒருவர் வந்து, டாக்டர் வேலைக்கு ஆள் எடுக்க இன்னும் ஆறு மாசம் ஆகும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். பொறுக்கலாமே, எங்களுக்கு என்ன அவசரம், சோறு இருக்கிறது, நிழல் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினோம்.

இன்றைக்கு ஒன்பதாம் நாள். காலையில் மட்டும் பதினேழு பேருக்குக் கட்டுப்போட்டாயிற்று, எடுத்தது எல்லாம் திரும்ப வைத்தாயிற்று. உச்சி வேளைக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது, தகரத்தின் ஓரத்துக்கும் தாசில்தார் அறைச் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கிறது. பொன்னுருவி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "ஐயா, மேசைய வெளிய எடுக்கறதுன்னா இப்பவே எடுத்துருங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, பஞ்சை அடுக்கப் போய்விட்டாள்.